தடயவியல் முதலில் காப்பாற்றியது யாரை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குற்றப் புலனாய்வில் தடயவியலின் பங்கு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைரேகை, மரபணு, ரத்தத் துளி, தோட்டா எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு சுவையாகவே போகிறது. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கதைதான்: போலீஸ் திணறுகிறது, ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருகிறது, குற்றவாளி மாட்டுகிறான். தடயவியல் என்றால் போலீஸ் கையில் இருக்கும் இன்னொரு லத்தி என்பதுபோல ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போலீஸ் யாரைச் சந்தேகிக்கிறதோ அந்தச் சந்தேகத்தையே சோதித்துப் பார்ப்பதுதான் அதன் முதல் வேலை என்று நினைக்கிறேன், வரலாறும் அப்படித்தான் இருக்கிறது.

1892-ல் அர்ஜென்டினாவின் நெகோச்சேயா ஊரில் இரண்டு குழந்தைகள் கொலை செய்யப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்தார் என்றாள் தாய். போலீஸ் அவரைப் பிடித்துவந்து சித்திரவதை செய்தது, மனிதர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரி கதவில் ரத்தம் தோய்ந்த விரல் தடத்தைப் பார்த்தார். ஹுவான் வுசெட்டிச் என்பவர் அப்போதுதான் அங்கே கைரேகை முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார், அவரிடம் கற்றுக்கொண்டவர் இந்த அதிகாரி. கதவில் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அது தாயின் கட்டைவிரல். அவளே ஒப்புக்கொண்டாள். கைரேகையை வைத்துத் துலங்கிய முதல் கொலை வழக்கு என்று இதைச் சொல்வார்கள். சொல்லும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் மறந்துவிடுவார்கள்.

மரபணுச் சோதனையின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் பதினைந்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையைச் செய்ததாக வாக்குமூலமே கொடுத்துவிட்டான். முதல் கொலையும் அவன்தான் என்று நிரூபித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் போலீஸ், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984-ல் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரீஸிடம் போனது. வந்த முடிவு வேறு. இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை. ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருந்தும் அவனை விட வேண்டியதாயிற்று. மரபணுச் சோதனை நுழைந்த முதல் குற்ற வழக்கில் முதலில் நடந்தது ஒரு விடுதலை!

உண்மையான கொலைகாரன் எப்படி மாட்டினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரையாளர் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டார். சுற்றுவட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தமும் எச்சிலும் சேகரித்தார்கள். ஆள் சிக்கவில்லை, ஏனென்றால் அவன் தன் பெயரில் இன்னொருவனை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்த இன்னொருவன் மதுக்கடையில் உட்கார்ந்து இதை உளற, கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பின்னர் போலீஸில் சொன்னார். வழக்கு துலங்கியது அதனால்தான். காதைத் திறந்து வைத்திருக்கும் பழைய போலீஸ் வேலை இல்லாமல் ஆய்வகம் மட்டும் எதையும் பிடித்துவிடுவதில்லை.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். சந்தேகத்தைச் சோதிக்க வேண்டியவர் அந்தச் சந்தேகத்தையே காதில் வாங்கிக்கொண்டு சோதிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? இதற்கு 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பை விட நல்ல உதாரணம் கிடையாது. டெட்டனேட்டர்கள் (குண்டை வெடிக்கச் செய்யும் கருவிகள்) இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த கைரேகையை ஸ்பெயின் போலீஸ் மற்ற நாடுகளுக்கும் அனுப்பியது. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் கணினி, ஒத்துப்போகக்கூடியவை என்று இருபது ரேகைகளை எடுத்துக் கொடுத்தது. அதில் ஒன்று ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது. அனுபவமுள்ள நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, நூற்றுக்கு நூறு இவர்தான் என்றார்கள். ஏப்ரல் மாதத்திலேயே ஸ்பெயின் போலீஸ் இது பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டது, எஃப்பிஐ கேட்கவில்லை, தங்கள் முடிவுதான் சரி என்று ஆள் அனுப்பி விளக்கம் கொடுத்தது. மே மாதம் அந்த வழக்கறிஞர் கைதானார். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் அதே ரேகைதான் என்றார். அதற்குள் ஸ்பெயின் போலீஸ் அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று கண்டுபிடித்துவிட, இரண்டு வாரங்களில் வழக்கறிஞரை விட்டார்கள். பிறகு மன்னிப்பும் இருபது லட்சம் டாலர் இழப்பீடும் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ரேகைகள் நிஜமாகவே ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, அதை ஒத்துக்கொள்கிறேன். தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாக, தற்செயலாக ஒத்துப்போகிற ரேகை ஒன்று அதில் இருக்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் கவலைக்குரியது. முதல் நிபுணர் 'ஆமாம்' என்றது இரண்டாமவருக்குத் தெரியும், இரண்டு பேர் சொன்னது மூன்றாமவருக்குத் தெரியும். இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்தால் எப்படி?

இட்டியேல் டிரோர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2006-ல் வெளியிட்ட ஒரு சிறிய சோதனை இருக்கிறது. கைரேகை நிபுணர்கள் ஐந்து பேரிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, இதுதான் எஃப்பிஐ தவறு செய்த அந்த மாட்ரிட் ரேகை என்று சொன்னார்கள். உண்மையில் ஒவ்வொருவருக்கும் கொடுத்தது, சில வருடங்களுக்கு முன் அவரே ஒரு வழக்கில் 'பொருந்துகிறது' என்று கையெழுத்துப் போட்ட ரேகை ஜோடி. மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள், ஒருவர் முடிவு சொல்ல முடியாது என்றார், ஒரே ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார். ஐந்து பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் ரேகை மாறவில்லை, கண்ணும் மாறவில்லை, காதில் விழுந்த கதை மட்டும் மாறியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மரபணு என்றால் இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் 2007-ல் ஒரு பெண் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த பெண் மரபணு, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று நாற்பது குற்ற இடங்களில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. கொலை, வீடு புகுந்து திருட்டு எல்லாவற்றிலும் ஒரே பெண்! மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009-ல் பார்த்தால், தடயம் எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மரபணு அது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான், ஆனால் கிருமி சாவது வேறு, மரபணு அழிவது வேறு. மரபணுவே இல்லாமல் இந்தப் பொருள்களைத் தயாரிப்பதற்கென்று ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரம் ஒன்று 2016-ல்தான் வந்தது. ஆய்வகம் இதில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நாற்பது இடத்திலும் ஒரே மரபணு என்றது சத்தியம். அதை வைத்து ஒரு மாயப் பெண்ணை உருவாக்கிக்கொண்டு வருடக்கணக்கில் துரத்தியது புலனாய்வு.

முடியை மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிடும் முறையைப் பற்றிக் கட்டுரையில் பெருமையாக ஒரு பத்தி இருந்தது, அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்தது. எஃப்பிஐ தன் பழைய வழக்குகளைத் தானே மறு ஆய்வு செய்து 2015-ல் என்ன சொன்னது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக முடி நிபுணர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257-ல் தவறான கூற்றுகள் இருந்தன. இதை விட்டுவிட்டு அந்த முறையைப் புகழ்வது வாசகர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

தடயவியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடித்து வாங்கும் வாக்குமூலத்தை விட ஆயிரம் மடங்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்கிற நிபுணருக்கு ரேகையை மட்டும் கொடுங்கள், யார் கைதாகியிருக்கிறார், என்ன ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு உடல் எங்கே எப்படிக் கிடந்தது என்று தெரிந்தாக வேண்டும், சரி. கைரேகை பார்ப்பவருக்கு அது தேவையே இல்லை. முதலில் சம்பவ இடத்து ரேகையை மட்டும் பார்த்து அதில் என்ன தெரிகிறது என்று குறித்துவைத்துவிட்டு, அப்புறம் சந்தேக நபரின் ரேகையைத் திறக்கட்டும். இரண்டாவது நிபுணருக்கு முதல்வரின் முடிவைச் சொல்லாதீர்கள். செலவில்லாத காரியங்கள் இவை.

செலவுள்ள காரியமும் ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2009-ல் கொடுத்த அறிக்கை, ஆய்வகங்களைப் போலீஸ் நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. ஹூஸ்டன் நகரம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2014 முதல் அங்கே ஆய்வகம் போலீஸின் கீழ் இல்லை. அதோடு நிற்காமல், விடை முன்பே தெரிந்த போலி வழக்குகளை உண்மையான வழக்குகளோடு கலந்து ஆய்வாளர்களுக்கே தெரியாமல் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பதவி உயர்வும் இடமாற்றமும் ஒரு போலீஸ் அதிகாரியின் கையில் இருக்கும்போது, அவர் பிடித்த ஆளை 'இவர் இல்லை' என்று எழுத எத்தனை ஆய்வாளருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்து இதே விஷயத்தைப் பற்றி எழுதும்போது, ஆய்வகத்துக்குப் போகும் உங்கள் நிருபர் அங்குள்ளவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். மாதிரியோடு போலீஸ் அனுப்பும் கடிதத்தில் என்னென்ன எழுதியிருக்கும்? 'பொருந்தவில்லை' என்று நீங்கள் கொடுத்த அறிக்கைகள் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போய்ச் சேர்கின்றனவா? பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்