சூடேற்றும் அறையில் கைமாறும் தூள் டப்பா: பினாங்கு பவர்லிஃப்டிங் போட்டி ஏற்பாட்டாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கும் உடற்பயிற்சி மைய உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

போட்டிக்கு முன் உடலைச் சூடேற்றும் அறையில் இளையோர் விழுங்கும் காஃபின் கலந்த ஊக்கத் தூளைப் பற்றியது இம்மடல்; காஃபினையே தடை செய்யுங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்றிருந்த விதியை நீக்கி, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-இலேயே அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்று அதைக் கண்காணிக்க மட்டுமே செய்கிறது. களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் வேலை செய்யவிடாமல் தடுப்பதால், காஃபின் பளு தூக்குவோருக்குச் சிறிதளவேனும் கைகொடுக்கிறது என்பதும் உண்மையே.

என் கவலை அளவைப் பற்றியது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்துக்கொள்வதே ஆய்வுகளில் பயன் தந்த அளவு. கிலோவுக்கு 9 மில்லிகிராமை எட்டினால் படபடப்பும் கைநடுக்கமும் கூடுகின்றனவே தவிர, பலம் கூடுவதில்லை. இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு உரியது. பதின்ம வயதினருக்கு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. அப்படியானால், 55 கிலோ எடையுள்ள ஐந்தாம் படிவ மாணவனுக்கு 165 மில்லிகிராம்தான். ஆனால் சூடேற்றும் அறையில் கைமாறும் டப்பாக்களில் ஒரு கரண்டிக்கே 300 மில்லிகிராம் கொண்டவையும் உண்டு. அதைத் தண்ணீரில் கலக்காமலே வாயில் கொட்டிக்கொள்வதை வீரமாக நினைக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போட்டி நாளின் நீளமும் இதில் சேர்ந்துகொள்கிறது. குடித்த காஃபினில் பாதி கழியவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் முதல் தூக்கான ஸ்குவாட்டுக்கு ஒரு கரண்டி, பிற்பகலில் கடைசித் தூக்கான டெட்லிஃப்ட்டுக்கு இன்னொன்று என்று போட்டால், முதலாவது உடலில் இருக்கும்போதே இரண்டாவது ஏறுகிறது. எடைப்பிரிவுக்காக முந்தின நாள் முதல் தண்ணீரையும் சோற்றையும் குறைத்தவன், எடை பார்த்த கையோடு வெறும் வயிற்றில் அதை விழுங்குவது இன்னும் மோசம். பசியாறிவிட்டு பாலில்லாத கோப்பி-ஓ ஒன்று குடித்து வருபவரை நான் குறை சொல்லமாட்டேன். நம் கடைகளில் பெரிதும் புழங்கும் ரொபஸ்டா கொட்டையில் அராபிக்காவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் இருப்பதால், அந்தக் கோப்பையையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே, 18 வயதுக்குட்பட்டோருக்கு இத்தூள்களைப் பரிசாகவோ இலவச மாதிரியாகவோ தருவதை நிறுத்துங்கள். ஆதரவாளர்களின் மேசையில் விற்கப்படும் ஒவ்வொரு பொருளிலும் ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைத் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அளவைக் குறிப்பிடாமல் 'கலவை' என்று மூடிமறைக்கும் பொருளுக்கு மேசையே கொடுக்காதீர்கள். எடை பார்க்கும் இடத்தில், எடைப்பிரிவு வாரியாக வயதுவந்தோருக்கும் இளையோருக்கும் உரிய உச்ச அளவைத் தனித்தனியே காட்டும் அட்டவணை ஒன்று தொங்கட்டும். அடுத்த போட்டியின் விதிமுறைத் தாளிலேயே இவற்றைச் சேர்த்து, பதிவு தொடங்கும் முன் பெற்றோர் கைக்குக் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் பயிற்றுநர் ஒருவர்