அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளா,

போன சித்திரைத் திருவிழாவில், கள்ளழகர் ஆற்றில் இறங்க வந்தபோது, மதுரை வைகைக் கரையில் என் செம்புச் சர்க்கரையைப் பாகாக்கியது உங்களில் ஒருவர்தான். செம்பு நிறையச் சர்க்கரை, வாயை மூடி வாழையிலை, அதன் மேல் சூடம். அழகரின் தங்கக் குதிரை கண்ணில் பட்டதும் ஏற்றினேன். எங்கிருந்தோ ஒரு பம்பு. சூடம் அணைந்து, இலை பறந்து, என் கண்ணும் எரிந்தது. தண்ணீரில் ஏதோ சென்ட் கலந்திருந்தது போல.

தண்ணீரே பீய்ச்சாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அழகர்கோவிலில் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் சொல்லிக்கொண்டு, கள்ளர் வேடத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் வருகிறார். வழியெல்லாம் மண்டபங்களில் நின்று பூசை ஏற்கும் மண்டகப்படி, மேலே சித்திரை வெயில். அவர் சூடு தணியட்டும் என்றுதானே இந்த நேர்த்தி? தங்கச்சி மீனாட்சியின் கல்யாணம் தான் வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்ற கோபத்தில் ஊருக்குள் வராமலே திரும்புகிறவர், அந்தச் சூடும் சேர்த்துத் தணியட்டும் என்பாள் என் அப்பத்தா.

அவள் காலத்தில் தண்ணீர் பீய்ச்சிய தோல் பையான துருத்தியை நானும் பார்த்திருக்கிறேன். முழு ஆட்டுத்தோல், பதப்படுத்தி, கால் பக்கமெல்லாம் இறுகக் கட்டி, வாயில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய். தோளில் தொங்கும். விரதம் இருந்தவர் கக்கத்தில் வைத்து அமுக்கினால், நூல் மாதிரித் தண்ணீர் எழும்பி, காற்றில் உடைந்து, தூறலாக விழும். கை வலித்தால் நிறுத்துவார். அமுக்குகிறவர் உடம்பில் எவ்வளவு தெம்போ அவ்வளவுதான் வேகம். பிரஷர் பம்புக்கு அந்த அளவு கிடையாது. குதிரை மேல் நிற்கிற பட்டர் முகத்தில் அது அடிக்கிறது. அவர் ஒரு கையால் பெருமாளைப் பிடிப்பாரா, கண்ணைத் துடைப்பாரா?

"வழக்கம்னா மாறத்தானே செய்யும் அக்கா?" என்று கேட்பீர்கள். மாறும், ஒத்துக்கொள்கிறேன். இந்தத் திருவிழாவே மாறி வந்ததுதான். மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்ததாகவும், அழகர் தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கியதாகவும் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் சேர்த்தாராம். ஆனால் பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. துர்வாசர் வந்ததைக் கவனிக்காமல் அழகர்மலை நூபுர கங்கையில் குளித்துக்கொண்டிருந்ததால் அவர் சாபத்தில் தவளையான சுதபஸ் முனிவருக்கு, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூரில் மோட்சம் கொடுக்கிறார். அந்த மண்டபத்துக்கு இன்றைக்கும் பெயர் தேனூர் மண்டபம். கல்யாணத்துக்கு வந்தவர் என்று ஊரே பேசினாலும், ஒரு தவளைக்காகவும்தான் வருகிறார்! எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்.

பம்பில் எது மிஞ்சியிருக்கிறது, சொல்லுங்கள். விரதம் இல்லை, கச்சை இல்லை, தோல் பையும் இல்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது. ஆனால் போலீஸ் பிடுங்கினால்தான் கீழே வைப்போம் என்றால் நேர்த்தி எதற்கு?

சரி, கேட்பது இவ்வளவுதான். துருத்தி கட்டத் தெரிந்த பெரியவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். பங்குனியிலேயே அவர்களிடம் சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் அவசரப்படுத்தினால் தையல் கசியும். தண்ணீரில் மஞ்சள் போதும்.

இந்த வருஷமும் ராமராயர் மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். உங்கள் துருத்தித் தண்ணீர் நாலு சொட்டு என் மேலும் விழுந்தால் சந்தோஷம். செம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வைகைக் கரையிலிருந்து ஓர் அக்கா