அம்மணி, போர் வேண்டாம்

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உங்கம்மாவும் நன்றாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல் "பார்க்கலாம் கண்ணு" என்று வைத்துவிட்டேன். சிங்கப்பூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் மேட்டுக்காட்டுக் கரும்புக்கு இன்னொரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக்கொள்ளச் சொல்கிற பிள்ளையிடம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2016-இல் ஐப்பசி மழை பொய்த்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. காவிரியிலேயே மணல்தான் தெரிந்தது. அடுத்த கோடையில் நம் கிணற்றில் ஒரு குடம் மொள்ளவும் தண்ணீர் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு 840 அடி இறக்கினோம். தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது தெருவே வந்து பார்த்தது. அப்பாரு மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்பைத் தண்ணிடா, உப்புக் கரிக்குது" என்றார். என்னைப் பெற்றவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த கரும்புக்கு ஏதோ ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

முதல் வருஷம் கரும்பு பச்சையாகத்தான் இருந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற மறுதாம்பில்தான் தெரிந்தது. தோகை நுனியிலிருந்து ஓரம் ஓரமாகக் கருகி வந்தது. பக்கக் கிளைப்பு வெடித்துத் தூர் கட்டவில்லை. கணுவுக்குக் கணு நான்கு விரல்கூட இடைவெளி இல்லை. ஏக்கருக்கு 45 டன் வெட்டிய காட்டில் 28 டன் வந்தது. கரும்பு வரிசையின் மண் மேடான பாரின் உச்சியில் உப்பு மாவு தூவியதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதைவிட என்னை வாட்டியது வெல்லம்தான். அந்த வருஷம் கொப்பரையில் பாகு பதத்துக்கு வர வழக்கத்தைவிட நேரம் ஆனது. அச்சில் ஊற்றினால் இறுகவில்லை. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு ஏற்றிப் போனேன். வியாபாரி ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் 30 கிலோ சிப்பத்துக்கு மற்றவர்களைவிடக் குறைத்துக் கேட்டார். மழைக்காலம் வந்ததும் வீட்டில் வைத்திருந்த மூட்டையெல்லாம் கசிந்து ஒழுகியது. கல்லூரி லீவில் வந்திருந்த நீ ஒரு கட்டியைக் கடித்துவிட்டு, "கடைசியில் உப்புக் கரிக்குதுப்பா" என்றாய். அன்றைக்குத்தான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற இ.சி. அளவு 2.4 என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார்: லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். அதில் 300 கிலோ உப்பு. கரும்புக்கு வருஷத்துக்கு 30 தடவை தண்ணீர் என்று வைத்தால் 9 டன். ஒன்பது டன் உப்பை நானே மோட்டார் போட்டு, கரண்டு செலவழித்து, என் காட்டில் கொட்டியிருக்கிறேன் கண்ணு. தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும். உப்பு எங்கே போகும்? செடி கொஞ்சம் எடுக்கும், அதுதான் சாற்றில் வந்து வெல்லத்தைக் கெடுக்கிறது. மீதியெல்லாம் மண்ணிலேயே கிடக்கும், பெருமழை வந்து கழுவினால் ஒழிய. நம் பக்கம் வருஷத்துக்கு மழையே 700 மில்லிமீட்டர் சுற்றித்தான்.

கரும்பு தென்னை மாதிரி உப்பைத் தாங்காது. மண்ணில் இ.சி. 1.7 தாண்டினாலே விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய ஆறு சதவீதம் போகும் என்கிறார்கள். 5-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. ஆனாலும் கரும்புக்குள் ஒரு முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் தடித்த கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்துக் கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-இல் அது வெளியே வந்தது. நாம் போடுகிற கோ 86032 வரைக்கும் அந்த நாணல் ரத்தம் ஓடுகிறது. ஆற்றோரம் எதையும் தாங்கி நிற்கிற புல் அது. அதை நினைத்தால் எனக்குக் கரும்பை விட மனசு வருவதில்லை.

இப்போது போருக்கு வருகிறேன். எல்லா ஊரிலும் ஆழத்தில் உப்புத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில மண்ணில் ஆழத்தில்தான் நல்ல தண்ணீர். ஆனால் நம்முடையது பாறை. கீழே போகப் போகப் பாறை இடுக்கில் வெகுகாலம் தேங்கிக் கரைத்து வைத்த தண்ணீர்தான் வருகிறது. மேற்கே மூன்று காடு தள்ளி 1,000 அடிக்கு மேல் போட்டார்கள். அந்தத் தண்ணீரையும் நான் கொண்டுபோய்ப் பார்த்தேன்: 3.6. நீ அனுப்புகிற பணத்தில் நான் அதையா வாங்க வேண்டும்?

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைவு என்று பயந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். உப்பு மேல் ஓரடிக்குள்ளேயே, வேர் இருக்கிற இடத்திலேயே தங்கிவிட்டது. இப்போது விடும்போது நனைய விடுகிறேன், கொஞ்சம் கூடவே. மேட்டுக்காடு செம்மண் என்பதால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் இப்படிச் செய்தால் தேங்கி இன்னும் கெட்டுவிடும், முதலில் வடிகால் வெட்ட வேண்டும். அப்புறம் சொட்டு நீர். எல்லோரும் மழை வந்தால் உடனே நிறுத்துகிறார்கள். நான் நிறுத்துவதில்லை. ஈரம் பரவுகிற வட்டத்தின் ஓரத்தில்தான் உப்பு ஒதுங்கி நிற்கும். சிறு தூறல் அதை மறுபடி வேருக்கே தள்ளிவிடும். அதனால் அந்த நேரத்தில் சொட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கரணையை, அதாவது வெட்டிய விதைக்கரும்புத் துண்டை, நேராகக் காட்டில் ஊன்றுவதையும் விட்டுவிட்டேன். முளைக்கிற பருவத்தில்தான் கரும்பு உப்புக்கு ரொம்பப் பயப்படும். கணுவில் இருக்கிற முளைப்பருவை மட்டும் சீவி (பருசீவல்) எடுத்துத் தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, வாய்க்கால் வயலோரம் நல்ல தண்ணீரில் ஒரு மாதம் வளர்த்துத்தான் மேலே கொண்டுபோய் நடுகிறேன். உங்கம்மாதான் தட்டுகளைப் பார்த்துக்கொள்கிறாள், சின்ன வயதில் உன்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி. நடுவதற்கு முன் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுகிறேன். காய்ந்த தோகையான சோகையைக் கொளுத்துவதில்லை. பாரில் பரப்பிவிட்டால் வெயிலில் மண் காயாது, உப்பும் மேலே ஏறாது. மண்ணைப் பரிசோதித்தபோது ஒரு மூலை களராக, கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தது. அங்கே கழுவி மட்டும் பயனில்லை, ஜிப்சம் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்றார்கள். போட்டேன். சாதாரண பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் சல்பேட் பொட்டாஷுக்கு மாறினேன். விலை கூடத்தான். மேட்டுக்காட்டில் ஒரு மறுதாம்போடு நிறுத்திக்கொள்கிறேன். போன வெட்டில் 36 டன் வந்தது.

பணம் அனுப்பியே தீருவேன் என்றால், குட்டைக்கு அனுப்பு. கிழக்கு மூலையில், மழைத் தண்ணீர் ஓடிவருகிற பள்ளத்தில், நூறடிக்கு நூறடி, ஐந்தடி ஆழம். நிறைந்தால் 14 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஆறேழு தடவை தண்ணீர் அதிலேயே கட்டலாம். பாதிக்குப் பாதி போர்த் தண்ணீரோடு கலந்தால் 2.4 என்பது 1.3-க்குக் கீழே வந்துவிடும். அதைக் கொண்டு நட்ட முதல் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் கரும்பு பிழைத்துக்கொள்ளும். வெயிலில் கொஞ்சம் வற்றும், அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன். மண்ணை அவர் காட்டுக்குக் கரை போட எடுத்துக்கொள்கிறாராம்.

இன்னொன்று. இ.சி. பார்க்கிற சின்ன மீட்டர் பேனா மாதிரி கிடைக்கிறதாம். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். வரும்போது ஒன்று வாங்கி வா. கலக்கும்போது நானே பார்த்துக்கொள்வேன், ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.

நீ தையில் வருகிறபோது வெல்ல ஆலை ஓடிக்கொண்டிருக்கும். மேட்டுக்காட்டுக் கரும்பைத் தனியாகக் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். முதல் அச்சை நான் வாயில் வைக்க மாட்டேன், உனக்கு எடுத்து வைக்கிறேன். கரிக்கிறதா என்று நீ சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா