ஆப்டிகல் லேபுக்கு ஒரு ஏடபிள்யூஜி வாங்குங்கள்: மின்னணுத் துறை ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணு, தொடர்பியல் துறை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு ஃபைபர் நெட்வொர்க் வேலையில் இருப்பவன் நான். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் ஏடபிள்யூஜி (arrayed waveguide grating) என்ற சில்லை வைத்து லேபில் ஒரு செய்முறை சேருங்கள். எல்இடி, பிளாஸ்டிக் ஃபைபர், வளைத்தால் எவ்வளவு லாஸ் என்பதோடு நம் லேப் முடிந்துவிடுகிறது. வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரே ஃபைபரில் வரும் 40 அலைநீளங்களை எது பிரிக்கிறது என்று கேட்டால், 'டீமக்ஸ்', அதாவது பிரிப்பான், என்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்றால் பேச்சில்லை.

அத்தனை சேனல் (ஒவ்வொரு அலைநீளமும் ஒரு சேனல்) என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏடபிள்யூஜி சில்லுதான். சிலிக்கான் தகட்டின் மேல் படியவைத்த கண்ணாடியில் வரிசையாக அலைவழிகள், அதாவது ஒளி ஓடும் மெல்லிய பாதைகள். ஒவ்வொன்றும் பக்கத்ததைவிட ஒரே அளவு நீளம் கூடுதல். அந்தக் கூடுதல் தூரத்தால் ஒவ்வொரு அலைநீளமும் வெவ்வேறு கட்டச் சாய்வோடு (அலைமுகம் வெவ்வேறு அளவு சாய்ந்து) மறுமுனைக்கு வந்து, தனக்கென ஓர் இடத்தில் குவிகிறது. நெதர்லாந்தில் மெய்ன்ட் ஸ்மிட் இந்த யோசனையை 1988-இல் வெளியிட்டார். பிறகு ஜப்பானின் என்டிடி தொலைபேசி நிறுவனமும் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகமும் அதை வளர்த்தன. பாடத்தில் இவ்வளவு இருந்தால் போதும்.

நான் கேட்கும் செய்முறை, வெப்பநிலை இந்தச் சில்லை என்ன செய்கிறது என்பதைப் பற்றி. 1550 நானோமீட்டர் பக்கம் சேனலுக்குச் சேனல் 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் சுமார் 0.8 நானோமீட்டர். கண்ணாடி ஏடபிள்யூஜி ஒரு டிகிரி சூடேறினால் அதன் சேனல்கள் ஏறக்குறைய 0.01 நானோமீட்டர் நகரும். அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் நம்மூரில் மார்கழி விடியலுக்கும் கத்திரி மதியத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம், வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் அதிகம். 25 டிகிரி ஏறினாலே கால் நானோமீட்டர் போய்விடும், அதாவது இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு. சிலிக்கானிலேயே செய்த அலைவழி என்றால் நகர்வு ஏழெட்டு மடங்கு. வேலூர் வெயிலைத் திட்டாதவர் கிடையாது, பாடத்துக்காவது அது பயன்படட்டும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கேட்டால் நிர்வாகம் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். நிலையான சேனல் உள்ள ஒரு டிடபிள்யூடிஎம் எஸ்எஃப்பி (ஒரே அலைநீளத்தில் ஒளி அனுப்பும், சொருகும் லேசர் மாட்யூல்), அதைச் சொருக ஒரு பழைய ஸ்விட்ச், ஒரு பவர் மீட்டர், சில்லை ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஹீட்டரோடு ஒரு பழைய ஏடபிள்யூஜி மாட்யூல் இருந்தால் போதும். அந்த லேசர் தன் வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அலைநீளம் அசையாது. மாட்யூலின் ஹீட்டரை அணைத்து வைத்தால் அந்த அலைநீளத்துக்கு உரிய போர்ட்டில் பவர் விழுந்திருக்கும். ஹீட்டரைப் போட்டு, சில்லு தன் வேலை வெப்பத்துக்கு ஏற ஏற மீட்டரைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கரண்டே இல்லாமல் வேலை செய்யும் ஏதெர்மல் (சூடேறினாலும் சேனல் நகராத) வகை ஏன் வந்தது, அதில் சூட்டுக்கு விரியும் உலோகத் தகடு எதற்கு என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

எங்களிடம் சேவையிலிருந்து கழற்றிய மாட்யூல்கள் சேர்கின்றன. கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் ஒன்று தந்தால், ஒன்றிரண்டை உங்கள் லேபுக்குக் கொடுக்க நிறுவனத்தில் நானே பேசுகிறேன். முதல் செய்முறை அன்று வந்து உடனிருக்கவும் தயார்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து உங்கள் பழைய மாணவன்