80 பல்லா, 82 பல்லா?

அன்புள்ள மாப்ளே,

கடிதமும், உன் மகளின் ரேஸ் கார்ட்டில் (கோ-கார்ட்) வேகத்தையும் எஞ்சின் சுற்றையும் பதிவுசெய்யும் டேட்டா லாகரின் கோப்பும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். நிம்மதியாக இருந்தது. இங்கே பட்டறை ஓடுகிறது, ஆர்டர்தான் முன்போல் இல்லை. அதனால் ராத்திரியில் உட்கார்ந்து உன் மகள் ஓட்டிய சுற்றுகளைப் பார்க்கத் தாராளமாக நேரம் கிடைத்தது.

நீ கேட்டது ஒரே கேள்வி: வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் இழுக்கவில்லை என்கிறாளே, பின் ஸ்பிராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரத்தை) 80 பல்லிலிருந்து 82 ஆக்கலாமா? வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முன்னால் 12 பல், பின்னால் 80. எஞ்சின் 6.67 சுற்று சுற்றினால் ஆக்சில் ஒரு சுற்று. பின் டயர் ஒரு தடவை உருண்டால் 86 சென்டிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் போட்டால், வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூட எஞ்சினில் 129 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 129 சுற்று) கூட வேண்டும். உங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் இல்லை. ஆகவே கிளட்ச் பிடித்த பிறகு டிராக்கில் எந்த இடத்திலும் இந்த 129 மாறக்கூடாது.

நான் முதலில் பார்த்ததே இதைத்தான். ஆர்பிஎம்மை ஜிபிஎஸ் வேகத்தால் வகுத்துத் தனியாக ஒரு கோடு போட்டேன். வளைவை விட்டு வெளியே வரும்போது அது 140, 150 என்று ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, இல்லாவிட்டால் பின் டயர் பிடிக்காமல் சுழல்கிறது. ஏறவில்லை, 129-ஐ ஒட்டியே போகிறது. "வெளியே வரும்போது எஞ்சின் செத்துடுதுப்பா" என்று அவள் சொன்னதற்குக் கிளட்ச் காரணமில்லை.

அப்புறம் நேர்பாதையின் கடைசி. வழக்கமாக 13,100 வருகிறது. ஒரே ஒரு சுற்றில் 13,400. அதை மறந்துவிடு. அந்தச் சுற்றில் வேறொரு கார்ட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனாள் என்று நீயே ஓரத்தில் குறித்திருக்கிறாய். முன்னால் போகிறவன் காற்றை விலக்கிக் கொடுத்தால் யாருக்கும் ஆர்பிஎம் கூடும். எல்லாரும் உச்ச ஆர்பிஎம்மை மட்டும் பார்த்துப் பல்லைத் தீர்மானிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உச்சம் ஒரு நொடிகூட நிற்காது. வண்டி வளைவிலிருந்து எழும்பி வரும் நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

அதனால் நேர்பாதைக்கு முந்தைய அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம். எல்லாச் சுற்றுகளின் கோடுகளையும், வரைபடத்தின் அடிக்கோட்டில் தூரத்தை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். (நேரத்தை அடியில் வைத்துப் பார்க்காதே, இரண்டாம் வளைவிலேயே கோடுகள் விலகிப்போய் எதுவும் புரியாது.) மிக நல்ல சுற்றில் அந்த வளைவில் அவளுடைய குறைந்தபட்ச வேகம் 47 கிலோமீட்டர். மற்ற சுற்றுகளில் 43. எஞ்சின் கணக்கில் சொன்னால் முதலாவது சுமார் 6,070, இரண்டாவது 5,560. ஒரே வண்டி, ஒரே பல், ஐந்நூறுக்கு மேல் வித்தியாசம். நீ 82 போட்டால் 43 கிலோமீட்டரில் எவ்வளவு கூடும் தெரியுமா? 140-தான். அவள் காலிலும் கையிலும் இருப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

43 ஏன் வருகிறது என்றும் கோட்டிலேயே தெரிகிறது. நல்ல சுற்றில் வேகம் சரசரவென்று இறங்கி, ஒரு முனை காட்டி, உடனே ஏறுகிறது. மற்றவற்றில் அடியில் சட்டி மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. பிரேக்கை விட்டுவிட்டாள், ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்கவில்லை, வண்டி சும்மா உருள்கிறது. வளைவுக்குள் சீக்கிரமே திரும்பிவிட்டு, வெளிப்பக்கம் இடம் போதாமல் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். கார்ட்டில் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பகுதி) இல்லை, பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கின்றன. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டால்தான் வண்டி தாராளமாகத் திரும்பும். வேகத்தை அதிகமாகக் கொன்றுவிட்டால் அந்தச் சக்கரம் சீக்கிரமே தரையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிடக்கும். அவள் சொல்லும் சாவு அதுதான். அதோடு இந்த 125 சிசி எஞ்சினில், புகை வெளியேறும் வழியில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு (பவர் வால்வு) திறப்பதே எட்டாயிரத்தை ஒட்டித்தான், முழு இழுவை அதற்குப் பிறகுதான். 5,560-லிருந்து அதுவரை ஏறி வருவதற்குள் பக்கத்தில் வருகிறவன் போய்விடுவான்.

82-க்குக் கொடுக்க வேண்டிய விலையையும் பார். நேர்பாதையின் கடைசியில் 13,100 என்பது 13,430 ஆகும். உச்ச சக்தி 11,500 பக்கத்திலேயே வந்து போய்விட்டது. அதற்கு மேல் சத்தம்தான் கூடும், தள்ளுவது குறையும். யார் முதுகிலாவது ஒட்டிக்கொண்டு முந்தப் பார்க்கும்போது எஞ்சினை அதற்கு மேல் சுற்றவிடாத லிமிட்டர் இருக்கும் 14,000-ஐ நோக்கி வேறு போய்க்கொண்டிருப்பாள். வளைவு சரியாகி 47 என்பது எல்லாச் சுற்றிலும் வர ஆரம்பித்தால், அப்போது கேள்வியே வேறு. 82 அல்ல, 79 போடலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்படிச் சோதிப்பதானால் 80-ல் ஓட்டு, 79-ல் ஓட்டு, திரும்ப 80 போட்டு ஓட்டு. டயர் செட் மாறக்கூடாது. டிராக்கில் ரப்பர் படியப் படிய எல்லாருக்கும் நேரம் இறங்கும், அதைப் புதுப் பல்லின் புண்ணியம் என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசி 80-தான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு சிறந்த சுற்றைப் பிடித்துக்கொள்ளாதே. சுமாரான சுற்றுகளை எடுத்து, வளைவின் நடுவிலிருந்து அடுத்த பிரேக் வரை ஆகும் நேரத்தை மட்டும் ஒப்பிடு. துண்டு துண்டாகச் சிறந்ததை ஒட்டிச் சாஃப்ட்வேர் காட்டும் 'சாத்தியமான' நேரத்தை அவளிடம் சொல்லவே சொல்லாதே. பிள்ளை அதைத் துரத்திக்கொண்டு டயர் தடுப்பில் போய் முட்டும். இரண்டே கோடு காட்டு: 47-ம் 43-ம். மிச்சத்தை அவளே கண்டுபிடிப்பாள், பாரேன்.

சோழவரம் ரேஸ் டிராக்கில் நாம் வெயிலில் நின்று ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி அமுக்கி நோட்டில் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சுற்றுக்கு ஒரு எண், அதுவும் உன் எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போகாது. இப்போது ஜிபிஎஸ் நொடிக்குப் பத்துப் புள்ளி கொடுக்கிறது. ஆனாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் போய்விடும். எந்த இடத்தில் திரும்பினாள் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு அவளோடு சண்டைக்குப் போகாதே.

அடுத்து கோவைக்கு வருகிறீர்கள் அல்லவா, அதற்கு இரண்டு விஷயம். செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி' ரேஸ் டிராக் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேர்பாதையும் நீளம், 80 பல் அங்கே கதைக்காகாது. சின்ன ஸ்பிராக்கெட்டுகளாக நாலைந்து எடுத்து வா, அதற்கேற்றபடி செயினும். இன்னொன்று ஜெட், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் அந்தச் சின்னத் துளை. பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, கோவை 400 சொச்சம். இங்கே காற்று அடர்த்தி கூடுதல். அங்கே பொருந்திய ஜெட்டை அப்படியே போட்டு ஓட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெரிய ஜெட்டில் ஆரம்பித்து, ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கலாம். இங்கத்து வெயில் அந்த வித்தியாசத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், காலையில் போட்ட ஜெட் மதியத்துக்கு அப்படியே சரிப்படாது.

வருவதற்கு முன் ஒரு வேலை. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அவளை வண்டியில் உட்காரவைத்து, முழுதாக ஒரு சுற்று உருட்டி டேப்பில் அளந்து எழுது. நான் போட்டது 86, உன் அளவு வந்தால் 129-ஐ மறுபடி சரிபார்த்துவிடுகிறேன். தங்குவது நம் வீட்டில்தான், லாட்ஜ் பேச்சே எடுக்காதே. கார்ட்டைப் பட்டறையில் இறக்கிக்கொள்ளலாம், கம்ப்ரஸர் இருக்கிறது. அம்மாவையும் கூட்டி வா. படி ஏறாமல் கீழ் ரூமைக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்