காவடிக்கு வானொலி வைக்கிறோம், நீ வந்தாக வேண்டும்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சரோ,

இங்கே எல்லோரும் நலம். லெனேசியாவில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று தங்கச்சி சொன்னாள். உன் முழங்கால் கதையும் சொன்னாள், அதை நேரில் பேசுவோம். வாட்ஸ்அப்பில் தட்டி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த வருஷக் காவடிக்கு நம் கோயிலில் வானொலி நிலையம் வைக்கிறோம். நிஜமான எஃப்.எம். கொடியேற்றத்திலிருந்து காவடி நாள் வரை பத்து நாளும் ஓடும், அப்புறம் கழற்றிவிடுவோம்.

போன வருஷம் ரதம் புறப்பட்ட அன்று பெரியாயாவைப் பார்க்கப் போயிருந்தேன். படுத்த படுக்கைதான். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார், காற்று நம் பக்கம் வீசினால் மேளம் கேட்குமாம். அன்றைக்குக் கேட்கவில்லை. எத்தனை வருஷம் பால்குடம் எடுத்த மனுஷி! “ரதம் இப்ப எங்கே நிக்குது?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? தலைமாட்டில் அந்தப் பழைய ரேடியோ இருந்தது. 1983-இல் நம் இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் நிலையம் தொடங்கியபோது உன் அம்மாவும் அவரும் சேர்ந்து போய் வாங்கினார்களே, அதே ஜோடியில் ஒன்று. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கமிட்டியில் பொருளாளர் எழுந்து, “இப்ப யாரம்மா ரேடியோ கேக்கிறாங்க? ஃபேஸ்புக்கில் போட்டால் போதாதா?” என்றார். போதாது. அதற்குப் போன் வேண்டும், டேட்டா வேண்டும், பார்க்கக் கண் வேண்டும். ரேடியோவை ஒரு தடவை திருப்பி வைத்துவிட்டால் போதும், பெரியாயா கையைக்கூட அசைக்க வேண்டாம். இதைச் சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டுக் கிழவி ஞாபகம் வந்துவிட்டாள். தீர்மானம் நிறைவேறியது.

உரிமத்துக்கு, இந்த நாட்டில் ஒலிபரப்பு உரிமம் தரும் அமைப்பான இக்காசாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒரு நிகழ்ச்சிக்காகவே தரும் சிறப்பு உரிமம் இருக்கிறது, 45 நாளுக்கு மேல் செல்லாது. அலைவரிசைக்குத் தனி உரிமம். ஒலிபரப்பும் பாட்டுகளின் உரிமைக்கு, இசையமைத்தவர்கள் சார்பில் பணம் வாங்கும் சங்கமான சாம்ரோ. படிவங்களையெல்லாம் சின்னண்ணன் பார்த்துக்கொண்டார். அவர் ஃபைல் வைக்கிற அழகு உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சோதனை ஒலிபரப்பு. மண்டபத்து மாடி அறையில் ஜமக்காளத்தைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினோம். தம்பி மகன் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான் இல்லையா, அவன்தான் எங்கள் இஞ்சினியர். ஆன்டெனாவை மாட்டாமல் டிரான்ஸ்மிட்டர் சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். வெளியே போக வழியில்லாவிட்டால் சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரையே எரித்துவிடுமாம். அவன் போட்டதும், திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. உடனே அணைத்தான். கேபிளின் முனையைத் திருகிக் கழற்றிக் காட்டினான். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்! முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, மழை புகாமல் டேப் சுற்றினான். முள் கீழேயே நின்றது.

பிறகு பையன்கள் கார் ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். மேட்டில் மணி மாதிரி கேட்கிறது, பள்ளத்தில் இறங்கினால் இரைச்சல். எஃப்.எம் அலை நேர்கோட்டில் போவது, நம் சாட்ஸ்வர்த்தோ முழுக்க ஏற்ற இறக்கம். பவரைக் கூட்டு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உரிமத்தில் எழுதியதற்கு மேல் ஒரு வாட் கூடப் போகக் கூடாது, அப்படிப் போனாலும் மலை வழிவிடாது என்று பையன் அசையவில்லை. தகரக் கூரையை ஒட்டியிருந்த ஆன்டெனாவை, அனுமதித்த உயரம் வரைக்கும் தூக்கிக் கட்டினான். பெரியாயா வீட்டுச் சந்து கிடைத்துவிட்டது. போனில் அவர் குரலைக் கேட்டேன் சரோ. “நீ இருமினது கூடக் கேட்டுச்சுடி” என்றார். மின்வெட்டு வந்தாலும் நிற்காதபடி பாட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறோம்.

இனிதான் என் கவலை. யார் பேசுவது?

பிள்ளைகள் அறிவிப்பை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் வாசிக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விரதம் இருந்து அலகு குத்திக் காவடி எடுக்கிற பிள்ளைகள். ஆனால் இரவு பூஜைக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் கிழவிகள் பேச வேண்டும் என்று நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். சின்னவர்கள் 1860 நவம்பர் 16, நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு முதலில் கொண்டுவந்து இறக்கிய ட்ரூரோ கப்பல் என்று ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். அது ஒவ்வொரு நவம்பரிலும் மேடையில் கேட்பதுதானே. கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சியது எப்படி, அரசாங்கம் வீட்டைக் காலி செய்யவைத்து கேட்டோ மேனரிலிருந்து லாரியில் சாமானை ஏற்றியபோது எதை விட்டுவிட்டு வந்தார்கள், அதைச் சொல்லட்டும்.

முன்னோட்டமாக டொங்காட் ஆயாவைப் பதிவு செய்யப் போனேன். சேலை மாற்றி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கிட்டே வைத்ததும் தள்ளிவிட்டார். “நான் பேசுறது தப்புத் தமிழாம், பேத்தி சொல்றா. ஊர் சிரிக்கும்.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நீயும் நானும் மேர்பேங்கில் சாயங்கால வகுப்பில் புத்தகம் வைத்துப் படித்தவர்கள். அந்த வயதில் அவர் தோட்டத்தில் வேலை செய்தார். பள்ளிக்கூடமே பார்க்காமல், பாட்டி பேசியதை அப்படியே காப்பாற்றிக் கொடுத்தவரைப் போய்த் தப்பு என்றால் நாம் எதைத் தமிழ் என்று வைத்திருக்கிறோம்? அந்தப் பேத்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயாவின் குரல் எஃப்.எம்மில் வந்து அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் நீ வேண்டும். நான் கேள்வி கேட்டால் டீச்சர் கேட்கிற மாதிரி இருக்கிறதாம், எல்லோரும் கை கட்டிக்கொள்கிறார்கள். நீயோ காளியம்மா ஆயாவிடமே ஊறுகாய் ரகசியத்தைக் கறந்தவள். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் மைக் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும்.

கொடியேற்றத்துக்கு முதல் நாளே வந்துவிடு. பஸ்ஸில் வராதே, முழங்காலுக்கு ஆகாது, உன் மருமகன் ஓட்டிக்கொண்டு வரட்டும். மாடிப்படியில் கைப்பிடி போடச் சொல்லிவிட்டேன். அந்தக் கும்மிப் பாட்டு நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சாதிக்காதே, எடுத்து வா. இரவு நிகழ்ச்சி அட்டவணையில் உன் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
கமலா