டொபீகாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கவிதா எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் கடிதம் வந்து பொங்கலே போய்விட்டது. போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். அம்மா பேசி முடித்து உங்கள் கைக்கு போன் வருவதற்குள் கவின் தூங்கிவிடுகிறான், அப்புறம் எங்கே பேசுவது?

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளியே காலை வைத்தால் மூக்கு விறைத்துவிடும். பனி அதிகமானால் விடிவதற்குள் பள்ளிக்கூடம் லீவு என்று மெசேஜ் வரும். மழைக்காலத்தில் நாங்கள் கலெக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போமே, கவினும் அப்படித்தான் காத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. விடியற்காலையில் நைட்டி மேல் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளுகிறார். இவர் போய் மண்வெட்டியைக் கேட்டால் திட்டுதான் விழுகிறது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள, பட்டைப்பொடி தூவிய இனிப்பு பன் தருகிறார்கள். இந்தக் கான்சாஸ் மாநிலத்துக்காரர்களுக்கு அது உயிராம். கவின் பன்னை மட்டும் தின்றுவிட்டு வருகிறான்.

அவன் பள்ளி நூலகத்தில் நான் உதவிக்குப் போகிறேன். சம்பளம் கிடையாது, என் விசாவில் வாங்கவும் கூடாது. கிழிந்த பக்கத்துக்கு டேப் ஒட்டுவது, முதுகில் ஒட்டிய எழுத்தைப் பார்த்து அடுக்குவது, இதுதான் வேலை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வாராவாரம் ஒரே சுறாமீன் புத்தகத்தைத்தான் எடுப்பான். இன்னும் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு படமாகக் காட்டி, எது யாரைக் கடிக்கும் என்று எனக்குப் பாடம் நடத்துவான். புத்தகம் பாலில் நனைந்து வந்தாலும் யாரும் பதறுவதில்லை. ஆடிட்டில் புத்தகம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நம் பள்ளியில் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்களே, நீங்கள் ஹெட்மாஸ்டரானதும் சாவியைப் பீரோவிலேயே தொங்கவிட்டது ஞாபகம் வந்தது.

உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. 1954இல் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கு இந்த ஊர்தான். பாட்டி என்னை மன்ரோ ஆரம்பப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். 1926இல் கட்டிய செங்கல் கட்டடம். 1975இல் மூடி, இப்போது மியூசியம். அன்று இந்த ஊரில் வெள்ளைக் குழந்தைகளுக்குப் பதினெட்டு ஆரம்பப் பள்ளிகள், கறுப்பினக் குழந்தைகளுக்கு நான்கே நான்கு. அந்த வழக்கில் பேசப்பட்ட கறுப்பினச் சிறுமி லிண்டா பிரவுன் வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளி, வெள்ளைக் குழந்தைகளுக்கான சம்னர் பள்ளி. அங்கே சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அவள் ரயில்வே யார்டு வழியாக நடந்து, பஸ் பிடித்து மன்ரோவுக்கு வரவேண்டும். அவளுடைய அப்பா ஆலிவர் பிரவுன் சாந்தா ஃபே ரயில்வேயில் வெல்டர். அவரோடு இன்னும் பன்னிரண்டு பெற்றோர், எல்லாருமே அம்மாக்கள். 1951இல் வழக்குப் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் மோசமாக இருந்ததால் போட்ட வழக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் அப்படிச் சொன்னதும் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மன்ரோவில் படித்தவர். “எங்கள் டீச்சர்களைக் குறை சொல்லாதே” என்றார். கட்டடமும் பாடமும் வெள்ளைப் பள்ளிக்கு ஏறத்தாழச் சமம் என்று கீழ்க்கோர்ட்டே சொல்லியிருக்கிறது. சமமாகவே இருக்கட்டும், பிரித்து வைத்ததே குற்றம் என்பதுதான் வழக்கு. இதை நீங்கள் வகுப்பில் எவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பீர்கள்! இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டேன். தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1953இல், கறுப்பின ஆசிரியர்கள் சிலருக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று கடிதம் போயிருக்கிறது. பள்ளிகள் ஒன்றானால் வெள்ளைக் குழந்தைகளுக்கு அவர்கள் பாடம் நடத்துவதை ஊர் விரும்பாதாம். பிள்ளைகளுக்குக் கதவு திறக்கப்போகிற நேரத்தில் வாத்தியாருக்கு வேலை போயிருக்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

லீவு விட்டால் கவின் இருப்பான். மற்ற நாளில் இவர் ஆபீஸ் போனபிறகு வீட்டில் சத்தமே இருக்காது. போன வாரம் உங்கள் கடிதத்தைச் சத்தம் போட்டு வாசித்தேன், தமிழ் காதில் விழட்டுமே என்று. “வேப்பமரம் இலை கொட்டிவிட்டது” என்ற வரிக்கு மேல் வாசிக்க முடியவில்லை. சரி, அதை விடுங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் மாசி கடைசிக்குள் அனுப்புகிறோம். இவருடைய ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது இன்னும் உறுதியாகவில்லை, அதனால்தான் கொஞ்சம் தாமதம், வேறொன்றுமில்லை. போட்டோவில் என் கழுத்தில் சங்கிலியைக் காணோம் என்றாளாமே அம்மா. குளிருக்குக் கழுத்து வரை மூடிய சட்டை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.

சரவணனுக்குப் பார்த்த திருமங்கலம் பெண் வேலைக்குப் போகிறவள் என்று யோசிக்கிறீர்களாம். போகட்டுமே அப்பா, அவளை நிறுத்தச் சொல்லாதீர்கள். கிணற்றடி நிலத்துக்குப் பட்டா மாற்ற என் கையெழுத்து வேண்டுமென்றால் பவர் பத்திரத்தை இங்கே கான்சுலேட்டில் அட்டெஸ்ட் செய்து அனுப்ப வேண்டும். சர்வே எண்ணைச் சரிபார்த்து எழுதுங்கள். போன முறை சித்தப்பா எண்ணையும் நம் எண்ணையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

இப்படிக்கு,
கவிதா